பாதியில் நின்ற கருத்து

கருத்து சொல்லக் கூப்பிட்டார்கள், சின்னவள் போய்ச் சொன்னாள். அவள் செய்த குற்றம் இவ்வளவுதான். கூப்பிட்டால் போக வேண்டும், கை தட்ட வேண்டும், கொடுக்கிற பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வீடு வந்து சேர வேண்டும் என்கிற சாதாரணப் புத்தி ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு இல்லாமல் போனதற்கு யாரை நோவது? நிறையப் புத்தகம் படிக்கிறவள். அப்படித்தான் ஆகும்.

பொது நூலகத்தின் முன்கூடத்தில் அன்று ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். ‘அண்மைக் கால நூல்களும் அவற்றின் திரைவடிவங்களும்: இளம் வாசகர்கள் மனம் திறக்கிறார்கள்’ என்று ஆளுயர எழுத்து. அதற்கு அடியில், பேசுகிறவர்களுக்கு அவர்கள் விரும்பும் நூல் ஒன்று பரிசு என்று பொடி எழுத்து. சின்னவள் கண்ணில் பட்டது பொடி எழுத்துதான். மனத்தைத் திறக்கிற உத்தேசமெல்லாம் அவளுக்குத் துளியும் இல்லை. அவளுக்கு ஒரே ஒரு புத்தகம் வேண்டும். அன்றைக்கே வேண்டும்.

அது ஒரு நாவல். அதற்கு ஒரு பெயர் இருந்தது. படம் வந்த பிறகு அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் படத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். இப்போது யாராவது பழைய பெயரைச் சொன்னால் அதையும் ஒரு கருத்தாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். எதற்கு வம்பு, நாமும் சொல்ல வேண்டாம்.

படம் வருவதற்கு முன்பே இதே நூலகத்தில் அதை எடுத்துப் படித்தவள்தான்; இப்போது மறுபடி எதற்கு என்றால், அவள் அக்காவுக்காக. அக்கா வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாரோடும் ஓடிப் போகவில்லை. அம்மா சேர்த்துவிட்ட கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காரப் போனாள். படிப்பை விட்டதைக்கூட அம்மா பொறுத்திருப்பாள். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டாளே என்பதுதான் பொறுக்கவில்லை. “படி எறங்குனா அப்படியே போயிடு, திரும்பிப் பாக்காத” என்று அம்மா சொன்னாள். அக்கா இறங்கினாள், திரும்பிப் பார்க்கவில்லை. பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

அக்கா வேறு ஊருக்கும் போய்விடவில்லை. இதே ஊரின் மறுகோடியில், ஒரு சலவைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஓர் அறை. சின்னவள் அம்மாவுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒவ்வொரு தடவையும் அக்கா, “அம்மா ஏதாவது கேட்டாளா?” என்பாள். “கேக்கல” என்று சொல்லிவிட்டுச் சின்னவள் வேறு பேச்சை எடுப்பாள். அம்மாவோ அக்காவின் பெயரையே எடுப்பதில்லை. ஆனால் அக்கா படுத்த கட்டிலில் துவைத்த துணியை யாராவது போட்டுவிட்டால் வீடு இரண்டாகிவிடும்.

இதில் சனியன் மாதிரி அந்தப் படம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குத் தியேட்டரில் வேலை. டிக்கெட்டைக் கிழித்து, டார்ச் அடித்து, ஆளை இருக்கையில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். நாளுக்கு நாலு ஆட்டம். நாலு ஆட்டத்திலும் கடைசிக் காட்சியில், வீட்டை விட்டுப் போன மூத்த மகள் கொட்டுகிற மழையில் ஓடி வந்து தாயின் காலில் விழுந்தாள். நாலு தடவையும் தாய் அவளைத் தூக்கி நிறுத்தினாள், வயலின்கள் அழுதன. கதவோரம் டார்ச்சை அணைத்துவிட்டு நின்று அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க, அது ஒரு கதை என்பதே அவளுக்கு மறந்து போயிற்று. மழை வந்தால் வாசல் விளக்கைப் போட்டு வைக்க ஆரம்பித்தாள்.

“எங்க சுத்துனாலும் கடைசியில தாய் காலடிக்குத்தான் வந்தாகணும். அதான் நியாயம்” என்றாள் ஒருநாள்.

“புத்தகத்துல அப்படி இல்லம்மா. அதுல வேற மாதிரி.”

“உனக்குத் தோதா நீயே கத கட்டுவ. எல்லாம் அவகிட்ட கத்துக்கிட்டது.”

வேறு எப்படி என்று சின்னவள் வாயைத் திறந்தால் போதும், அம்மா மிக்ஸியைப் போட்டுவிடுவாள். உள்ளே அரைக்க ஒன்றும் இருக்காது. வெறும் மிக்ஸிதான் ஓடும். சின்னவளும் விடவில்லை. சோற்றில், படுக்கையில், பஸ் நிறுத்தத்தில் என்று விடாமல் நச்சரித்து, கடைசியில் அம்மா ஒருநாள் மிக்ஸியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “அச்சுல இருந்தா கொண்டா. என் கண்ணால பாத்துட்டு அப்புறம் பேசறேன்.”

பேசறேன் என்றாள். ஒரு வருஷத்தில் அம்மா வாயிலிருந்து விழுந்த முதல் நல்ல வார்த்தை. சின்னவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நூலகத்துக்கு ஓடினாள். ஓடியவள் கண்ணில்தான் அந்தப் பொடி எழுத்து பட்டது.

அவளுக்கு முன்னால் பேசியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். ஒருவன், “புத்தகம் சிறப்பு, படம் அதைவிடச் சிறப்பு, இந்த நூலகம் ரெண்டையும்விடச் சிறப்பு” என்று சொல்லிவிட்டு, பரிசாக ஓர் அகராதியைத் தூக்கிக்கொண்டு போனான். ஒரு பெண், “நான் இன்னும் படிக்கல, ஆனா படிச்சா நிச்சயம் பிடிச்சிருக்கும்” என்றாள். அவளுக்குக் கைதட்டல் நிற்கவே இல்லை. அடுத்து சின்னவள். நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“புத்தகம் எனக்குப் பிடிச்சது. படம் பிடிக்கல. ஏன்னா, படத்துல முடிவ மாத்திட்டாங்க. புத்தகத்துல அந்த அம்மா...”

ஒலிபெருக்கி செத்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து கூரையைப் பார்த்தார், இன்னொருவர் பிஸ்கட் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். அவள் வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு ஒரு பெரியவர் அன்பாகத் தோளைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிவிட்டார்.

அவமானம் போகட்டும், புத்தகம் வந்தால் போதும் என்று அவள் நூல் வழங்குகிற மேசைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் நாவலின் பெயரைக் கேட்டதும் ஸ்வெட்டர் பின்னுவதை நிறுத்தினாள்.

“அதுவா? அது இணக்கத்துக்குப் போயிருக்கு.”

“இணக்கம்னா என்னங்க?”

“படம் வந்துட்டா, புத்தகத்த அதுக்கு ஒத்து வர்ற மாதிரி வெட்டி ஒட்டிச் சரி பண்ணிடுவோம்மா. இல்லேன்னா படம் பாத்துட்டு வந்து படிக்கிறவங்க குழம்பிப் போயிடறாங்க. போன வருஷம் ஒருத்தர் வந்து போட்ட சத்தம் இருக்கே! படத்துல உசுரோட இருக்கிற கதாநாயகன் புத்தகத்துல செத்துட்டானாம். அழுது தீத்துட்டாரு பாவம். இப்பல்லாம் நாங்க யாரையும் சாக விடறதில்ல.”

“கடையில பழசு கிடைக்குமா?”

“கடைக்காரங்க நமக்கு முன்னாடியே முடிச்சிட்டாங்க.”

“சரிங்க, இன்னும் சரி பண்ணாதது ஒண்ணு குடுங்க. எனக்குப் பரிசு உண்டுல்ல?”

“பாதிக் கருத்துக்குப் பரிசு கிடையாதும்மா” என்று அம்மாள் ஊசியை எடுத்துக்கொண்டாள். “மேல போ. இணக்கத் துறைத் தலைவரப் பாரு.”

தலைவர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே புதுக் கம்பளம் போட்டிருந்தார்கள். நாலு சுவரிலும் கண்ணாடி அலமாரிகள், உள்ளே புத்தகங்கள். எல்லா அட்டையிலும் ஏதாவது ஒரு நடிகர் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை சிரிப்புக்கும் நடுவில் சிரிக்காமல் இருந்தவர் தலைவர் ஒருவர்தான்.

“உக்காரும்மா. பயப்படாத. இந்த நாற்காலியில இருக்கறவன் எந்தப் பக்கமும் சாயாதவன்” என்றார். “நான் புத்தகமும் படிக்கறதில்ல, படமும் பாக்கறதில்ல. ஒண்ணப் பாத்தாலே மனசு ஒரு பக்கம் போயிடும். இருபது வருஷமா அந்தத் தப்ப நான் பண்ணல. அதனாலதான் என்னை இங்க உக்கார வெச்சிருக்காங்க.”

“சார், எனக்கு அந்தப் புத்தகம் மட்டும்...”

“வாசகர்கள் எங்களுக்குக் கண்ணு மாதிரி. கண்ண எப்படிப் பாத்துக்கணும்? தூசி பறந்தா மூடிக்கணும். நாங்க மூடி விடறோம். இதுல என்ன தப்பு?” தலைவர் தண்ணீர் குடித்தார். “இப்ப உன் விஷயத்துக்கு வருவோம். நீ முழுக் கருத்து சொல்லியிருந்தா ஏத்துக்கலாம், இல்ல ரத்து பண்ணலாம். நீ பாதியில நிறுத்திட்ட.”

“நான் நிறுத்தல சார், மைக்க அணைச்சிட்டாங்க.”

“யார் நிறுத்துனா என்ன? ‘புத்தகத்துல அந்த அம்மா’ன்னு சொல்லிட்டுப் போயிட்ட. அந்த அம்மா என்ன ஆனாங்க? அது அந்தரத்துல தொங்குது. பாதிக் கருத்த ரத்து பண்ண விதியில இடமே இல்ல. நீ முழுசாச் சொல்லி முடிக்கணும், உன் வீட்டுப் பெரியவங்க பக்கத்துல இருந்து கேக்கணும், அப்புறம் நாங்க மொறைப்படி ரத்து பண்ணணும். அது வரைக்கும் உனக்கு இங்க ஒரு புத்தகமும் கிடையாது.”

சின்னவளுக்கு அழுகை முட்டியது. “சார், இப்பவே சொல்லிடறேன். அந்த அம்மா என்ன பண்ணுவான்னா...”

தலைவர் பதறி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “சொல்லாத! சொல்லாத! விசாரணைக்கு முன்னாடி நான் கேட்டா நடுநிலை போயிடும்.” அவள் வாய் மூடியது தெரிந்த பிறகு மெல்லக் கையை எடுத்தார். “விசாரணை அன்னிக்கு வெட்டாத பிரதி ஒண்ணு சாட்சிக்காக மேசை மேல இருக்கும். அதுவும் விதிதான்.”

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “வெட்டாததா? எங்கம்மா அதத் தெறந்து பாக்கலாமா சார்?”

“தாராளமா. பெத்தவங்க பாத்தாத்தான பிள்ள பண்ண தப்பு தெரியும்?”

அவள் தலைவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். தன்னை விசாரிக்கப் போகிறார்கள் என்று சந்தோஷத்தில் அழுத முதல் ஆள் அவள்தான் என்று வாசலில் இருந்த எழுத்தர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அதற்குள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டால்? வெட்டுகிற இடம் நூலகத்தின் அடித்தளத்தில் இருந்தது. பசை வாடை மூக்கை அடைத்தது. மேசையளவுக்கு ஒரு வெட்டும் இயந்திரம், அதன் முன்னால் ஒரு வெட்டுக்காரர். ஒரு கட்டுப் புத்தகத்தை உள்ளே தள்ளி, ஒரு மிதி மிதித்தார். கடைசிப் பக்கங்கள் பொத்தென்று கூடையில் விழுந்தன. பக்கத்தில் இருந்த அடுக்கிலிருந்து புது முடிவை எடுத்து ஒட்டி, ‘படத்தின்படி’ என்று முத்திரை குத்தினார்.

“அண்ணே, எவ்வளவு பக்கம் வெட்டணும்னு எப்படித் தெரியும்?”

“எல்லாத்துக்கும் கடைசிப் பதினாறு பக்கம்தாம்மா. மிஷின் அப்படி. சில புத்தகத்துல முடிவு போயிடும், சிலதுல முடிவுக்கு முன்னாடியே கொஞ்சம் போயிடும். போன மாசம் ரயில் கால அட்டவணை ஒண்ணு தவறி வந்துருச்சு. அதுக்கு என்னத்த ஒட்டறது? ஒரு கல்யாணக் காட்சிய ஒட்டி அனுப்பினேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.”

“அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்த நாவலோட வெட்டுன பக்கம் மட்டும் குடுங்க. நான் கடைசிப் பக்கம் ஒண்ணுதான் கேக்கறேன்.”

“நேத்தே அது முடிஞ்சு போச்சே. வெட்டுனதெல்லாம் தியேட்டருக்குப் போயிடும். சோளப்பொரிக்குக் கூம்பு சுத்தறாங்க. காகிதம் வீணாகக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு.”

சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்தத் தியேட்டர் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஊரில் அந்தப் படம் ஓடுவது ஒரே தியேட்டரில்தான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பகல் ஆட்டம் விட்டிருந்தது. காலி இருக்கைகளுக்கு நடுவே முழங்கால் போட்டு ஊர்ந்து, கசங்கிக் கிடந்த ஒவ்வொரு கூம்பையும் பிரித்துப் பார்த்தாள். உப்பும் எண்ணெயும் கையெல்லாம் பிசுபிசுத்தன. யார் யாருடைய முடிவோ வந்துகொண்டிருந்தது. ஒன்றில் ஒரு கொலைகாரன் மாட்டிக்கொண்டான், இன்னொன்றில் ஒரு கிழவர் கப்பல் ஏறிப் போனார். ஒரு துண்டில் அவளுடைய நாவல். நல்ல எழுத்தாகத் தெரிந்தது ஒரே வரி: ‘அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.’ அதற்குக் கீழே பூராவும் எண்ணெய். எழுத்து இருந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருந்தது.

மேலே டார்ச் வெளிச்சம் விழுந்தது.

“ஏண்டி!” அம்மாவின் குரல் காலி அரங்கத்தில் எதிரொலித்தது. “சோத்துக்கு இல்லாத மாதிரி குப்பையக் கிளறிக்கிட்டு இருக்க? நான் வேல பாக்கற எடத்துல வந்து ஏண்டி என் மானத்த வாங்கற?”

“அச்சுல இருந்தா கொண்டான்னு சொன்னல்ல? இந்தா பாரும்மா. அச்சுதான். பாரு.”

அம்மா குனிந்து துண்டை வாங்கி டார்ச்சை அடித்துப் பார்த்தாள். “செருப்ப மாட்டிக்கிட்டாளாம். சரி, அதுக்கென்ன இப்ப? ஊர்ல எல்லாரும்தான் மாட்டிக்கறாங்க.”

“அதுக்கப்புறம் பாரும்மா.”

“அதுக்கப்புறம் எண்ணெதான இருக்கு?”

சின்னவள் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். விசாரணை, ரத்து, சாட்சிப் பிரதி எல்லாவற்றையும் தேம்பித் தேம்பிச் சொன்னாள். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. மகள் ஏதோ ஆபீசில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. “ஒருத்தி போனா, இன்னொருத்தி ஆபீசு ஆபீசா இழுக்கறா” என்றாள். இருந்தாலும் லீவு சொன்னாள்.

விசாரணை நாளில் தாயும் மகளும் கம்பள அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். தலைவர் நடுவில், எழுத்தர் ஓரத்தில். பிஸ்கட் தட்டு ஒன்று தயாராக இருந்தது. தலைவர் எழுந்து பேசினார். இளைய தலைமுறைக்குக் கருத்துச் சுதந்திரம் வேண்டும் என்பதில் துறை உறுதியாக இருக்கிறது என்றார். அதனால்தான் ஒவ்வொரு கருத்தையும் தனித்தனியாக, அக்கறையோடு ரத்து செய்கிறோம் என்றார். மொத்தமாக ரத்து செய்கிற துறைகளும் இருக்கின்றன, அந்த அராஜகத்தை நாங்கள் ஏற்பதில்லை என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

“சாட்சிப் பிரதி!” என்றார்.

எழுத்தர் ஒரு தட்டில் பட்டுத் துணி போட்டு மூடிக் கொண்டு வந்தார். அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியை விலக்கி, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். உதடு அசைய அசைய, விரலை வைத்துப் படித்தாள். பத்துக் கண்ணும் அவள் விரலில் இருந்ததாகச் சொல்லலாம் என்றால் அறையில் அத்தனை பேர் இல்லை. சின்னவளின் இரண்டு கண் மட்டும் இருந்தது.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். “மழையில ஓடி வந்து கால்ல விழுந்தான்னுதான போட்டிருக்கு?”

சின்னவள் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். மழை. கால். அடியில் ‘படத்தின்படி’. பசை இன்னும் காயக்கூட இல்லை.

“சார், இது வெட்டுனது! வெட்டாததுன்னு சொன்னீங்களே!”

எழுத்தர் பணிவாக எழுந்தார். “சாட்சிப் பிரதியையும் முன்கூட்டியே இணக்கம் பண்ணிட்டோங்க. விசாரணை சீக்கிரம் முடியுமேன்னு.”

“நல்ல யோசனை” என்றார் தலைவர்.

அம்மா மகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சலித்துப்போய், பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அச்சில் பார்த்தாயிற்று, இனி பேச ஒன்றுமில்லை என்று அந்த முகம் சொல்லிற்று. எல்லாம் போயிற்று. அக்கா அங்கே மாடியில் ‘அம்மா ஏதாவது கேட்டாளா’ என்று கிழவியாகும் வரை கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மா இங்கே மழைக்கு விளக்கைப் போட்டுக்கொண்டிருப்பாள்.

“நீ பாதியில விட்டதச் சொல்லி முடிம்மா” என்றார் தலைவர். “‘புத்தகத்துல அந்த அம்மா’. அங்கிருந்து.”

அவள் எழுந்து நின்றாள். அங்கே போட்டு ஓட்ட மிக்ஸி எதுவும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“புத்தகத்துல அந்த அம்மா... அந்த அம்மாவுக்குக் கோவம் தீரவே இல்ல. பொண்ணு வருவா வருவான்னு பாத்துக்கிட்டே இருப்பா. வந்தா இப்படிக் கேக்கணும், அப்படித் திட்டணும்னு தனியா உக்காந்து பேசிப் பாத்துக்குவா. பொண்ணு வரல. அவளும் அந்தப் பக்கம், அம்மா கூப்பிடட்டும்னு உக்காந்திருக்கா. ஒரு நாள் காலையில அந்த அம்மா அடுப்புல பால வெச்சுட்டு நிக்கறா. பால் பொங்குது. ‘அவளுக்கு ஆடை பிடிக்காதே’ன்னு அவ ஞாபகமா ஆடைய எடுத்துப் போடறா. யாரு குடிக்க? வீட்ல ஒருத்தரும் இல்ல. அப்படியே அடுப்ப அணைச்சுட்டு வர்றா. செருப்ப மாட்டிக்கறா.”

அம்மாவின் தலை மெல்லத் திரும்பியது.

“ம், அப்புறம்?” என்றார் தலைவர். இருபது வருஷத்தில் அவர் முழுதாகக் கேட்கிற முதல் கதை அது. நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டிருந்தார். எழுத்தரின் பேனா நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

“கோவம் போகல சார். கோவத்தோடயேதான் போறா. பஸ் ஏறி, பொண்ணு வீட்டு மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க நின்னு, கதவத் தட்டறா. அவ்வளவுதான். புத்தகம் முடிஞ்சுடுது.”

“கதவு தெறந்துச்சா?”

“எழுதல சார்.”

“என்ன அநியாயம் இது!” தலைவர் மேசையைத் தட்டினார். “நிறுத்தற எடமா இது? இதுக்குத்தாம்மா படம் வேணும்ங்கறது!” பிறகு தன்னைச் சுதாரித்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, எழுத்தர் அவசரமாக எழுதி நீட்டியதைப் படித்தார்: “மேற்படி நூலில் மேற்படி தாய், மேற்படி மகளின் வீடு தேடிச் சென்று கதவைத் தட்டியது, இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது.”

எழுத்தர் கை தட்டினார். அம்மா கையை உயர்த்தினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

“ஐயா, ஒரு சந்தேகம். அப்ப, அந்தப் பொம்பள போய்த் தட்டுனது நெசமா புத்தகத்துல இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா” என்றார் தலைவர் பெருந்தன்மையாக. “இருந்தாத்தான ரத்து பண்ண முடியும்? இல்லாத ஒண்ண ரத்து பண்ண எங்களுக்கு அதிகாரம் கிடையாது. நாங்க விதிய மீறறவங்க இல்ல.”

“ஏன் மாத்துனீங்க?”

“பொண்ணு கால்ல விழுந்தா ஜனங்க அழுதுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போறாங்க. தாய் போய்க் கதவத் தட்டுனா, பாக்கறவங்க எந்திரிச்சு எங்கயாவது கெளம்பிடறாங்களாம். அப்புறம் அடுத்த ஆட்டத்துக்கு யாரு வருவா?”

அம்மா தலையை ஆட்டினாள். இது இனி என் மகளின் கருத்து அல்ல என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டாள். பிஸ்கட் கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டாள். கருத்து பூர்த்தியாகிவிட்டதால் பரிசுக்குத் தகுதி வந்துவிட்டது என்று சொல்லி, அதே சாட்சிப் பிரதியைச் சின்னவள் கையில் கொடுத்துத் தலைவர் புகைப்படம் எடுத்துக்கொண்டார். அட்டையில் கதாநாயகன் சிரித்தான். அந்த நாவலில் கதாநாயகனே கிடையாது.

வெளியே வந்தார்கள். சின்னவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதனால் அம்மாவின் கால்களைத்தான் பார்த்தாள். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“எந்த பஸ்ல போகணும்?”

“வீட்டுக்காம்மா?”

“வீட்டுக்குப் போக எனக்குத் தெரியாதா?” என்று அம்மா எரிந்து விழுந்தாள். கோபம் துளியும் போயிருக்கவில்லை.

சின்னவள் காட்டிய பஸ்ஸில் ஏறினார்கள். சலவைக் கடையின் சோப்பு வாடை தெருமுனையிலேயே வந்தது. அம்மா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினாள். முதல் மாடியில் நின்று, “ஏறவே முடியாத எடமாப் பாத்துப் பிடிச்சிருக்கா” என்று மூச்சு வாங்கினாள். அறைக்கு வெளியே அக்காவின் செருப்பு இருந்தது. உள்ளே குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்.

குழாய் நின்றது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. காலடி கேட்கும் என்று சின்னவள் காத்திருந்தாள், கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமும் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. இல்லை, யாருமே இல்லையோ என்றும் இருந்தது.

அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் அப்படி ஒரு பயத்தைச் சின்னவள் அதுவரை பார்த்ததில்லை.

“அப்புறம் என்னடி பண்ணுவா அவ?”

“அதோட முடிஞ்சுடுதும்மா. அதுக்கப்புறம் எழுதல.”

அம்மா கதவுப் பக்கம் திரும்பினாள். பிறகு மறுபடியும் தட்டினாள்.